உயர் வரையறைத் திரைகளுக்கான நிகழ்பட இணைப்புகள்

உயர் வரையறை நிகழ்பட இணைப்பு என்பது புளூ-ரே இயக்கி, செட்-டாப் பெட்டி, கணினி, விளையாட்டுக் கருவி போன்ற ஒரு மூலக்கருவியிலிருந்து தொலைக்காட்சிக்கோ கணினித் திரைக்கோ உயர் வரையறைப் படத்தைக் கொண்டு செல்லும் வடத்தையும், அதன் இரு முனைகளிலும் உள்ள இணைப்பிகளையும் குறிக்கும். பொதுவாக 1280×720 படப்புள்ளிகளும் 1920×1080 படப்புள்ளிகளும் கொண்ட படங்கள் உயர் வரையறை எனப்படுகின்றன. 3840×2160 படப்புள்ளிகள் கொண்டது மீயுயர் வரையறை ஆகும். வழக்கில் இது 4கே எனப்படுகிறது.

இவ்விணைப்புகள் இரு குலத்தவை. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையே படமாகக் கொள்பவை ஒப்புமை இணைப்புகள். படத்தை எண்களாக்கி, அவ்வெண்களை மட்டும் அனுப்புபவை எண்ணிம, அதாவது டிஜிட்டல், இணைப்புகள். நல்ல வடம் நல்ல படத்தைத் தருமா என்னும் கேள்விக்கு இவ்விரு குலங்களிலும் விடை வெவ்வேறானது. விலையுயர்ந்த வடங்களுக்கான விளம்பரங்கள் பலவும் முதற் குலத்துக்கு உண்மையாக இருந்த ஒன்றை இரண்டாம் குலத்துக்கும் பொருத்திக் காட்டுபவையே.

ஒப்புமை இணைப்புகள்

பழைய தொலைக்காட்சிகளின் பின்புறம் மஞ்சள் நிறத்தில் காணப்படும் ஒற்றைத் துளை கூட்டு நிகழ்பட இணைப்பு ஆகும். ஒளிர்வு, நிறம், ஒத்திசைவு ஆகிய மூன்றும் இதில் ஒரே கம்பியில் கலந்து செல்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் பயன்பட்ட பால் முறையில் நிறத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸ் அளவிலான துணை அலையின் மீது ஏற்றப்பட்டு, ஒளிர்வுத் தகவலுடன் சேர்த்து அனுப்பப்பட்டது. கலந்ததைத் திரையால் முழுமையாகப் பிரிக்க இயலாது. கோடு போட்ட சட்டை அணிந்தவர் திரையில் தோன்றும்போது இல்லாத வண்ணங்கள் மின்னுவதற்கு இதுவே காரணம். எசு-வீடியோ இணைப்பு ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பி இக்குறையைத் தீர்த்தது. ஆயினும் இவ்விரண்டும் சாதாரண வரையறைக்கு மட்டுமே உரியவை. உயர் வரையறைத் தொலைக்காட்சியில் மஞ்சள் வடத்தைச் செருகினால் படம் வரும். உயர் வரையறை வராது. புதிய தொலைக்காட்சி வாங்கியவர்கள் பெட்டியுடன் வந்த மஞ்சள் வடத்தையே செருகிவிட்டுப் படம் மங்கலாக உள்ளது எனக் குறைப்படுவது ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்தது.

ஒப்புமை முறையில் உயர் வரையறைப் படத்தைக் கொண்டு செல்ல வல்லது கூறு நிகழ்பட இணைப்பு. பச்சை, நீலம், சிவப்பு என மூன்று செருகிகள் கொண்ட இதில் பச்சைக் கம்பி ஒளிர்வையும் ஒத்திசைவையும் சுமக்கிறது. மற்ற இரண்டும் நீலத்துக்கும் ஒளிர்வுக்கும், சிவப்புக்கும் ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாடுகளைச் சுமக்கின்றன. கணினிகளில் இதே பணியை ஐபிஎம் நிறுவனம் 1987 இல் அறிமுகப்படுத்திய விஜிஏ முறையின் 15 ஊசி இணைப்பி செய்து வந்தது.

இவ்வகையில் வடத்தின் தரம் படத்தில் நேரடியாகத் தெரியும். நிகழ்பட வடத்தின் மின்மறுப்பு 75 ஓம் ஆக இருத்தல் வேண்டும். அதே செருகி கொண்ட சாதாரண ஒலி வடத்தை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தினால் சைகையின் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பும். எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய நிழல் படியும். நீண்ட விஜிஏ வடத்தில் உயர் அதிர்வெண்கள் நலிவதால் கூர்மை குறையும். கவசம் போதாவிட்டால் அருகில் உள்ள மின்கம்பியின் குறுக்கீடு திரையில் பட்டைகளாக நகரும். வடத்தில் ஏற்படும் ஒவ்வொரு குறையும் அதே அளவில் படத்தின் குறையாகிறது. எனவே ஒப்புமைக் காலத்தில் தடித்த, நன்கு கவசமிட்ட வடத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தது வீண் செலவு அன்று.

எண்ணிம இணைப்பில் வடத்தின் பணி

1999 இல் வெளிவந்த டிவிஐ இணைப்பும், 2002 டிசம்பரில் முதற்பதிப்பு வெளிவந்த எச்டிஎம்ஐ இணைப்பும் ஒரே அடிப்படை முறையைக் கொண்டவை. எச்டிஎம்ஐ முறையை இட்டாச்சி, மட்சுசிட்டா, பிலிப்சு, சிலிக்கன் இமேச்சு, சோனி, தாம்சன், தோசிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கின. டிவிஐ படத்தை மட்டும் அனுப்ப, எச்டிஎம்ஐ ஒலியையும் அதே வடத்தில் அனுப்புகிறது.

இவ்வடத்தின் வழியே செல்லும் தரவின் அளவை எளிதாகக் கணக்கிடலாம். 1920×1080 படத்தில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட்டுகள், நொடிக்கு 60 படங்கள் எனக் கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 299 கோடி பிட்டுகள் செல்ல வேண்டும். உண்மையில் அனுப்பப்படுவது இதைவிட அதிகம். படக்குழாய்த் தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சிறிது நேரம் தேவைப்பட்டது. படக்குழாய் மறைந்த பின்னரும் அந்த வெற்றிடம் சைகையில் தங்கிவிட்டது. எச்டிஎம்ஐ முறையில் ஒலித் தரவு பயணிப்பது இவ்வெற்றிடத்தில்தான். அதனையும் சேர்த்தால் ஒரு படம் 2200×1125 புள்ளிகளாகி, நொடிக்கு 14.85 கோடிப் புள்ளிகள் செல்கின்றன. ஒவ்வொரு நிறத்தின் 8 பிட்டுகளும் அனுப்பும்போது 10 பிட்டுகளாக மாற்றப்படுவதால் மொத்தத் தரவு வீதம் நொடிக்கு 4.455 கிகாபிட் ஆகிறது. எச்டிஎம்ஐ முதற்பதிப்பின் உச்சவரம்பு 4.95 கிகாபிட்.

8 பிட்டுகள் 10 ஆக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. இம்மாற்றம் 0 இலிருந்து 1 க்கும் 1 இலிருந்து 0 க்கும் தாவும் எண்ணிக்கையைக் குறைக்கிறது. 0 களும் 1 களும் ஏறத்தாழச் சம அளவில் இருக்குமாறும் பார்த்துக்கொள்கிறது. மேலும் ஒவ்வொரு சைகையும் ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளில் எதிரெதிர் வடிவில் செல்கிறது. வெளியிலிருந்து வரும் குறுக்கீடு இரு கம்பிகளையும் ஒரே அளவில் பாதிக்கும். பெறும் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தெடுப்பதால் குறுக்கீடு நீங்கிச் சைகை மட்டும் எஞ்சுகிறது.

பெறும் கருவி ஒவ்வொரு பிட்டுக்கும் கேட்கும் கேள்வி ஒன்றே: இது 0 ஆ, 1 ஆ? சைகை ஓரளவு நலிந்திருந்தாலும், சற்றே உருக்குலைந்திருந்தாலும் விடை சரியாகவே கிடைக்கும். விடை சரியாக இருக்கும்வரை திரையில் தோன்றும் எண் மூலக்கருவி அனுப்பிய அதே எண்ணாகும். நூறு ரூபாய் வடத்தில் வந்த 173 என்னும் எண்ணுக்கும் பத்தாயிரம் ரூபாய் வடத்தில் வந்த 173 என்னும் எண்ணுக்கும் வேறுபாடு இல்லை. வடம் படத்தை அறியாது. கறுப்பை ஆழமாக்கவோ, நிறத்தைச் செழுமையாக்கவோ, ஓரங்களைக் கூர்மையாக்கவோ வேண்டுமானால் பல இலட்சம் எண்களை ஓர் ஒழுங்கோடு மாற்றியமைக்க வேண்டும். செப்புக் கம்பியால் அது இயலாத செயல்.

சைகை மிகவும் நலிந்துவிட்டால் விடைகள் தவறத் தொடங்கும். அப்போது படம் மெல்ல மங்குவதில்லை. முதலில் தொடர்பற்ற இடங்களில் வெண்புள்ளிகளும் வண்ணப் புள்ளிகளும் பொறி போல் மின்னி மறையும். இன்னும் சற்று நலிந்தால் படம் விட்டு விட்டு மறையும், பின்னர் முற்றிலும் நின்றுவிடும். நன்றாக இயங்கும் நிலைக்கும் முற்றிலும் இயங்காத நிலைக்கும் இடையில் உள்ள வெளி மிகக் குறுகியது. குன்றின் விளிம்பு வரை தரை சமமாக இருந்து திடீரென முடிவதைப் போன்றது இது. பொறிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பதே வடத்தைச் சோதிக்கும் எளிய வழி. கருவி தரக்கூடிய மிக உயர்ந்த பிரிதிறனில் இருண்ட காட்சி ஒன்றைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பொறியோ இடைநிறுத்தமோ இல்லையெனில் அந்த வடத்தைவிடச் சிறந்த வடம் அந்த இணைப்புக்குக் கிடையாது.

முனைகளில் பூசப்படும் தங்கம் பற்றி ஒரு சொல். தங்கம் எளிதில் அரிக்கப்படாது என்பது உண்மை. கடலோர ஊர்களிலும் ஈரப்பதம் மிக்க அறைகளிலும் இணைப்பு நீடித்திருக்க அது உதவும். படத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. குறைந்த விலை வடங்களிலும் தங்கப் பூச்சு வழக்கமாகிவிட்டதால் அதற்கெனத் தனி விலை கேட்பது பொருத்தமற்றது.

பதிப்புகளும் வட வகைகளும்

வடத்தில் உண்மையான வேறுபாடு உண்டு. அது தாங்கக்கூடிய தரவு வீதத்தில் உள்ளது. எச்டிஎம்ஐ 1.3 பதிப்பு 2006 இல் உச்சவரம்பை 10.2 கிகாபிட்டாக உயர்த்தியது. 2009 இல் வந்த 1.4 பதிப்பு நொடிக்கு 30 படங்கள் வரையான 4கே நிகழ்படத்துக்கு வழிசெய்தது. நொடிக்கு 60 படங்கள் கொண்ட 4கே நிகழ்படத்துக்கு முன்னர் செய்த அதே கணக்கின்படி 17.82 கிகாபிட் தேவை. 2013 இல் வெளிவந்த 2.0 பதிப்பின் வரம்பு 18 கிகாபிட்டாக நிர்ணயிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். 2017 இன் 2.1 பதிப்பு இதனை 48 கிகாபிட்டாகவும், 2025 இன் 2.2 பதிப்பு 96 கிகாபிட்டாகவும் உயர்த்தின. 2.1 பதிப்பு முதல் உயர் வேகங்களுக்குப் பழைய அனுப்பு முறை கைவிடப்பட்டுப் பிழைத்திருத்தம் கொண்ட புதிய முறை பயன்படுகிறது. ஆகவே அவ்வேகங்களில் விளிம்பு இன்னும் செங்குத்தானது: சிறு பிழைகள் பொறியாகத் தோன்றாமல் திருத்தப்பட்டுவிடும், பெரும்பிழை எனில் படமே இராது.

பதிப்பு எண்கள் கருவிகளுக்கு உரியவை, வடங்களுக்கு உரியவை அல்ல. எச்டிஎம்ஐ உரிமத்தை நிருவகிக்கும் அமைப்பு வடத்தின் மேல் பதிப்பு எண்ணை அச்சிடுவதை அனுமதிப்பதில்லை. வடங்கள் வேக வகைகளால் பெயரிடப்படுகின்றன. ஸ்டாண்டர்டு வகை 720 வரிப் படத்துக்கும் 1080 வரி பின்னல் படத்துக்கும், ஹை ஸ்பீடு வகை 10.2 கிகாபிட்டுக்கும், பிரீமியம் ஹை ஸ்பீடு வகை 18 கிகாபிட்டுக்கும், அல்ட்ரா ஹை ஸ்பீடு வகை 48 கிகாபிட்டுக்கும் சோதிக்கப்படுகின்றன. இறுதி இரு வகைகளின் உறையில் வருடிப் பார்க்கத்தக்க சான்று ஒட்டி இருக்க வேண்டும். கடையில் «2.1 வடம்» என்று மட்டும் எழுதி, இச்சான்று இன்றி விற்கப்படுவது எவ்வளவு விலையாயினும் நம்பத்தக்கதன்று. வகைகள் யாவும் பின்னோக்கி இசைவானவை என்பதால் வேகமான வடத்தைப் பழைய தொலைக்காட்சியிலும் பயன்படுத்தலாம். அதனால் அத்தொலைக்காட்சி வேகமாகிவிடாது.

கருவியின் மேல் உள்ள 2.1 என்னும் எண்ணும் முழுமையான உறுதி தருவதில்லை. அப்பதிப்பின் சிறப்புக் கூறுகள் பல கட்டாயமற்றவை. நொடிக்கு 120 படங்கள் கொண்ட 4கே விளையாட்டை விரும்புவோர் பதிப்பு எண்ணைப் பாராமல், அவ்வசதி பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே முறை. மேலும் ஒரே தொலைக்காட்சியின் நான்கு துளைகளில் ஒன்றோ இரண்டோ மட்டுமே முழு வேகத்தை ஏற்பவையாக இருக்கக்கூடும்.

நீளம்

அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே செல்ல முற்படுகிறது. காப்புப் பொருளும் ஆற்றலை உறிஞ்சுகிறது. இதனால் வேகம் கூடும்போது ஒரே வடம் தாங்கும் தொலைவு குறைகிறது. 1080 வரிப் படத்தைப் பத்து மீட்டருக்குச் சிக்கலின்றிக் கொண்டு சென்ற வடம் 4கே படத்தில் பொறிகளைக் காட்டுவது இதனாலேயே. எச்டிஎம்ஐ விதிமுறை நீளத்துக்கு வரம்பு எதையும் கூறுவதில்லை. சோதனையில் தேறினால் போதும். நடைமுறையில் 18 கிகாபிட்டுக்கு ஐந்து மீட்டர் வரையிலும், 48 கிகாபிட்டுக்கு மூன்று மீட்டர் அளவிலும் சாதாரணச் செப்பு வடம் போதுமானது. இரண்டு மீட்டர் வடத்துக்குத் தடித்த கம்பி தேவையில்லை. தடித்த வடம் வளையாமல் தொலைக்காட்சியின் துளையை நெம்பிக் கெடுப்பதும் உண்டு.

அதற்கு மேற்பட்ட தொலைவுக்குச் சைகையை வலுவூட்டும் சில்லு கொண்ட இயங்கு வடமோ, ஒளியிழை வடமோ வேண்டும். இவை திசை உடையவை. எந்த முனை மூலக்கருவிக்கு, எது திரைக்கு என்று முனைகளில் எழுதப்பட்டிருக்கும். மாற்றிச் செருகினால் படம் வராது. சுவருக்குள் பதிக்கும் முன் இதனைச் சரிபார்க்காதவர்கள் சுவரை மீண்டும் உடைக்க நேரிடும். வீடு கட்டுவோர் வடத்தை நேரடியாகப் பூச்சில் புதைக்காமல், இணைப்பியின் தலை நுழையும் அகலமுள்ள குழாயைப் பதித்து அதற்குள் இழுப்பது நல்லது. 2002 முதல் இம்முறையின் வேகம் ஏறத்தாழ இருபது மடங்கு வளர்ந்துள்ளது. சுவரின் ஆயுள் வடத்தின் ஆயுளை விடப் பெரிது.

கணினி இணைப்புகளும் மாற்றிகளும்

வீசா அமைப்பு 2006 இல் வெளியிட்ட டிஸ்பிளேபோர்ட், கணினித் திரைகளில் பரவலாக உள்ளது. இது படத்தைப் பொட்டலங்களாக அனுப்புகிறது. 20 ஊசிகள் கொண்டது. யூஎஸ்பி-சி துளை வழியாகவும் டிஸ்பிளேபோர்ட் சைகையை அனுப்ப இயலும். ஆயினும் எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் படம் தருவதில்லை, கைபேசிக்கு மின்னேற்ற மட்டும் வந்த வடமும் படத்தைக் கொண்டு செல்லாது.

மாற்றிகளில் எளியவை, கடினமானவை என இரு வகை உண்டு. டிவிஐயும் எச்டிஎம்ஐயும் ஒரே சைகையைப் பயன்படுத்துவதால் அவற்றிடையே கம்பிகளை இணைக்கும் சிறு துண்டு போதும். ஒலிக்குத் தனி வழி தேவைப்படலாம். இருமுறை டிஸ்பிளேபோர்ட் துளையிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்குச் செல்லவும் எளிய மாற்றி போதும். எதிர்த் திசையில், எச்டிஎம்ஐ கருவியிலிருந்து டிஸ்பிளேபோர்ட் திரைக்குச் செல்லச் சில்லு கொண்ட மாற்றி இன்றியமையாதது. விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கும் அவ்வாறே. செருகி பொருந்துகிறது என்பதற்காக வெறும் வடத்தை வாங்கினால் பணம் வீணாகும்.

மறையாக்கம்

வடம் நலமாக இருந்தும் படம் வராமைக்கு இன்னொரு காரணம் எச்டிசிபி என்னும் மறையாக்க முறை. இன்டெல் நிறுவனம் உருவாக்கிய இம்முறையில் மூலக்கருவியும் திரையும் முதலில் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. திரை ஏற்கப்படாவிட்டால் படம் அனுப்பப்படாது, அல்லது குறைந்த பிரிதிறனில் அனுப்பப்படும். 4கே திரைப்படங்களுக்குப் பொதுவாக எச்டிசிபி 2.2 தேவை. இடையில் உள்ள ஒலிபெருக்கிக் கருவி பழையதாக இருந்தால், இரு முனைகளும் புதியவையாக இருந்தும் படம் தடைப்படும். இம்முறையின் முதல் தலைமுறைக்கான தலைமைச் சாவி 2010 செப்டம்பரில் இணையத்தில் கசிந்தது. அது உண்மையான சாவியே என இன்டெல் உறுதிசெய்தது. ஆயினும் முறை கைவிடப்படவில்லை. பணம் கொடுத்துப் படம் வாங்கியவரே இம்முறையால் பெரிதும் இடர்ப்படுகிறார் என்பது இதன் மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு.

கூறு நிகழ்பட இணைப்பு மறைந்ததும் இக்காரணத்தாலேயே. ஒப்புமைச் சைகையை மறையாக்க இயலாது. புளூ-ரே வட்டுகளின் உரிம விதிகளின்படி 2010 க்குப் பின் தயாரிக்கப்பட்ட இயக்கிகள், பாதுகாக்கப்பட்ட படங்களை ஒப்புமை வழியில் சாதாரண வரையறையில் மட்டுமே தர முடிந்தது. 2013 க்குப் பின் அதுவும் நிறுத்தப்பட்டது. கூறு இணைப்பு மட்டுமே கொண்ட தொடக்க கால உயர் வரையறைத் தொலைக்காட்சிகளின் உரிமையாளர்கள், பழுதில்லாத கருவியை வைத்துக்கொண்டே உயர் வரையறையை இழந்தனர்.

வடத்தின் மேல் சுமத்தப்படும் பிழைகள்

புதிய வடம் வாங்கியும் தீராத குறைகள் பெரும்பாலும் அமைப்புகளில் உள்ளவை. கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிவது இவற்றுள் முதன்மையானது. தொலைக்காட்சி உலகில் கறுப்பு 16 என்றும் வெள்ளை 235 என்றும் எண்ணிடப்படுகின்றன. கணினி உலகில் 0 என்றும் 255 என்றும். அனுப்பும் கருவி 16 ஐக் கறுப்பாகக் கருத, திரை 0 ஐக் கறுப்பாகக் கருதினால் படம் வெளிறும். மாறாக அமைந்தால் இருண்ட காட்சிகளில் விவரம் அனைத்தும் கறுப்பில் அமிழ்ந்துவிடும். இரு கருவிகளிலும் ஒரே வீச்சைத் தேர்ந்தெடுத்தால் குறை நீங்கும்.

கணினியைத் தொலைக்காட்சியில் இணைக்கும்போது திரையின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, எழுத்துகள் மசங்கித் தெரிவது இன்னொன்று. படக்குழாய்க் காலத்தின் ஒழுங்கற்ற ஓரங்களை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கும் வழக்கம் பல தொலைக்காட்சிகளில் இன்றும் உள்ளது. பெரிதாக்கப்பட்ட படத்தில் ஒரு படப்புள்ளி திரையின் ஒரு புள்ளியோடு பொருந்தாது. தொலைக்காட்சியின் பட அளவுப் பட்டியலில் இதனை அணைக்கலாம். ஓரங்கள் சரியாக இருந்தும் சிவப்பு எழுத்துகள் மட்டும் நீலப் பின்னணியில் கரைவது போல் தோன்றினால், தரவைச் சுருக்க நிறத் தகவல் குறைந்த பிரிதிறனில் அனுப்பப்படுகிறது என்று பொருள். திரைப்படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. எழுத்துகளில் உடனே தெரியும்.

4கே தொலைக்காட்சியில் 4கே கருவியை இணைத்தும் நொடிக்கு 30 படங்களுக்கு மேல் கிடைக்காவிட்டால், வடத்தை மாற்றும் முன் தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பழைய கருவிகளுடன் இசைவு கெடாதிருக்கப் பல தொலைக்காட்சிகள் துளைகளைக் குறைந்த வேகத்தில் வைத்தே விற்கப்படுகின்றன. துளைதோறும் தனித்தனியாக இயக்க வேண்டிய இவ்வமைப்புக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் வேறுபடும். மேம்பட்ட வடிவம், ஆழ்நிறம் போன்ற பெயர்களில் எச்டிஎம்ஐ பகுதியின் கீழ் அது காணப்படும்.